டிரசர் ஐயாவும் ஒப்பந்த டாக்டரும்

மே 12 உலகத் தாதியர் தினம். அதையொட்டி எங்கள் காலை நிகழ்ச்சியில் நேயர்களிடம் ஒரு கேள்வி கேட்டேன்: ‘உங்களால் மறக்க முடியாத மிஸ்ஸி யார்?’ பிரசவ வார்டில் கையைப் பிடித்துக்கொண்ட மிஸ்ஸி, ஊசி போடும்போது கதை சொன்ன மிஸ்ஸி என்று அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன. கடைசி அழைப்பு ஆயர் தாவாரிலிருந்து. ஒரு பெரியவர். “மிஸ்ஸி எல்லாம் அப்புறம் வந்தவங்கம்மா. எங்க தோட்டத்துல டிரசர் ஐயாதான். அவருதான் டாக்டரு, அவருதான் மிஸ்ஸி, அவருதான் மருந்துக்கடை” என்றார். ஜப்பான்காரன் காலத்தில் அந்த டிரசர் ஐயாவிடம் மருந்தே இல்லாமல் போன கதையை அவருடைய அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறாராம். அதைச் சொல்ல வாயெடுத்தார், விளம்பர நேரம் வந்துவிட்டது. வானொலியில் எப்போதும் இப்படித்தான். நல்ல கதை ஆரம்பிக்கும்போதுதான் கடிகாரம் கண்ணில் படும்.

அந்தக் கதையின் மீதியைத் தேடி நான் படித்ததும், கேட்டதும், போய்ப் பார்த்ததும்தான் இந்தக் கட்டுரை.

நான் லூமுட்டுக்காரி. எங்கள் ஊர் என்றதும் உங்களில் பலருக்குப் பங்கோர் படகுத்துறை நினைவுக்கு வரும். அதற்கடுத்து கடற்படைத் தளம். தளத்துக்குள் இராணுவ மருத்துவமனை இருக்கிறது. பொதுமக்களுக்குப் பக்கத்திலேயே ஸ்ரீ மஞ்சோங் அரசு மருத்துவமனை. பங்கோர் தீவில் யாருக்காவது பெரிய நோய் என்றால் கடலைத் தாண்டி இந்தப் பக்கம்தான் வர வேண்டும். ஆயர் தாவார், சித்தியவான் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்கள். சொகோமானா, சுங்கை வாங்கி, வால்புரூக் என்று பெயர் சொன்னால் இன்றும் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

டிரசர் என்றால் யார் என்று இளைய வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். புண்ணுக்குக் கட்டுப்போடுகிறவர் என்பதுதான் சொல்லின் நேர்ப்பொருள். தோட்டத்து ஆஸ்பத்திரியைக் கவனித்துக்கொள்ளும் உதவியாளருக்கு அந்தப் பெயர். டாக்டர் மாதத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ வந்து பார்த்துவிட்டுப் போவார். பல தோட்டங்களுக்குச் சேர்த்து ஒரே டாக்டர். மற்ற நாளெல்லாம் டிரசர் ராஜ்யம்தான். காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது யாருக்குக் காய்ச்சல், யாருக்கு நடிப்பு என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. மலேரியாவுக்குக் கொய்னா, வயிற்றுக்கு விளக்கெண்ணெய், மற்ற எதற்கும் கண்ணாடிப் புட்டியில் ஒரு மிக்சர். மாட்டுவண்டியில் அல்லது லாரியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு யாரை அனுப்புவது என்று முடிவு செய்வதும் அவர்தான். தோட்டத்தில் கிராணிக்கு அடுத்த மரியாதை அவருக்கு. அவர் செய்ததெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. அடித்து விரட்டிய டிரசர்களின் கதையும் எங்கள் பாட்டி சொல்லியிருக்கிறார். ஆனாலும் அந்த ஒற்றை மனிதர் இல்லையென்றால் ஐந்நூறு அறுநூறு பேருக்கு வேறு ஆள் கிடையாது.

மருத்துவமனைகளில் ஆள் பற்றாக்குறை என்று இன்று செய்தி வாசிக்கிறோமே, அதற்கு நம் நாட்டில் வயது மிக அதிகம். ஆங்கிலேயர் ஆட்சியில் டாக்டர்களில் மேல்நிலையில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர். 1905-இல் சிங்கப்பூரில் தொடங்கிய மருத்துவக் கல்லூரிதான் மலாயாவுக்கு உள்ளூர் டாக்டர்களைத் தந்தது. இந்தியாவிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தவர்கள் கொஞ்சம் பேர். அவர்களுக்குக் கீழே டிரசர்கள், மருத்துவச்சிகள். நூலில் கட்டித் தொங்கவிட்ட மாதிரி ஓர் ஏற்பாடு. அந்த நூலை 1941 டிசம்பரில் ஜப்பானியர் அறுத்தார்கள்.

மூன்றரை ஆண்டு

டிசம்பர் 8-இல் கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியப் படை அந்த மாதம் முடியும் முன்பே ஈப்போவுக்கு வந்துவிட்டது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் சரணடைந்தது. அதற்கு முதல் நாள் அலெக்சாண்டிரா இராணுவ மருத்துவமனைக்குள் புகுந்த படையினர் நோயாளிகளையும் ஊழியர்களையும் கொன்றார்கள். அடுத்த சில நாளில் சுமத்ராவை அடுத்த பங்கா தீவில் 21 ஆஸ்திரேலியத் தாதியர் கடலுக்குள் நடக்கவைத்துச் சுடப்பட்டார்கள். உயிர் தப்பிய ஒரே தாதி விவியன் புல்விங்கல். அவர்தான் பின்னாளில் டோக்கியோ விசாரணையில் சாட்சி சொன்னவர்.

ஐரோப்பிய டாக்டர்கள் சாங்கி முகாமுக்குப் போனார்கள். மருத்துவக் கல்லூரி மூடப்பட்டது. 1943-இல் ஜப்பானியர் தாங்களே ஒரு மருத்துவக் கல்லூரியைத் திறந்து, பிறகு அதை மலாக்காவுக்கு மாற்றினார்கள். ஆனால் ஒரு டாக்டரை உருவாக்க ஆண்டுக்கணக்கில் ஆகும். நோய் அதுவரை காத்திருக்குமா? உலகத்துக்கே கொய்னா தந்துகொண்டிருந்த ஜாவாத் தீவு ஜப்பானியர் கையில் இருந்தது. அதன் விளைச்சல் முதலில் அவர்கள் படைக்குத்தான். தோட்டங்களில் கால்வாய்களுக்கு எண்ணெய் தெளித்துக் கொசுவைக் கட்டுப்படுத்தும் வேலை நின்றுபோனது. மலேரியா திரும்பி வந்தது. ரப்பருக்கு விலையில்லை, அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்கைத் தின்று வீங்கிய கால்களோடு மக்கள் வரிசையில் நின்றார்கள். டிரசர் ஐயாவின் அலமாரியில் காலிப் புட்டிகள். ஆயர் தாவார்ப் பெரியவர் சொல்ல வந்தது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

எங்கள் பாட்டி அந்தக் காலத்தில் சிறுமி. வேப்பிலைக் கஷாயம், பப்பாளி இலை, நிலவேம்பு என்று அவர் அம்மா எதையெதையோ காய்ச்சிக் கொடுத்தாராம். “மருந்து இருந்தா மருந்து கொடுத்திருப்போம். இல்லாதப்போ இருந்ததைக் கொடுத்தோம்” என்று பாட்டி சொல்வார். இன்றைக்கு இதையெல்லாம் பாரம்பரிய வைத்தியத்தின் பெருமையாக வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். பாட்டிக்கு அதில் பெருமை ஒன்றும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அவருடைய தம்பி அந்தக் காய்ச்சலில்தான் போனார்.

பாப்பானில் ஒரு மிஸ்ஸி

லூமுட்டிலிருந்து ஈப்போ போகும் வழியில், பூசிங்குக்குப் பக்கத்தில் பாப்பான் என்று ஒரு பழைய ஈயச் சுரங்கச் சிற்றூர். காரில் ஒரு மணி நேரம். பிரதான சாலையில் 74-ஆம் எண் வீட்டுக்குள் நுழைந்தால் மாடிப்படிக்குக் கீழே ஒரு குழி தெரியும். எண்பது ஆண்டுகளுக்கு முன்பு அதற்குள் ஒரு வானொலிப் பெட்டி ஒளிந்திருந்தது. என் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்தக் குழி ஒரு கோவில் மாதிரி.

அந்த வீட்டில் இருந்தவர் சிபில் கார்த்திகேசு. சுமத்ராவின் மேடானில் 1899-இல் பிறந்த யுரேசியப் பெண். தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்றவர். கன்டோனீஸ் சரளமாகப் பேசுவார். 1919-இல் அவர் மணந்தது தைப்பிங்கில் பிறந்த ஒரு தமிழ் டாக்டரை. ஆறுமுகம் கணபதிப் பிள்ளை என்பது அவர் பெயர். திருமணத்துக்காகக் கத்தோலிக்கராகி ஏ.சி. கார்த்திகேசு ஆனார். ஈப்போ பிரூஸ்டர் சாலையில் இருவரும் கிளினிக் நடத்தினார்கள். இன்றைய சுல்தான் இட்ரிஸ் ஷா சாலைதான் அது. ஜப்பானியர் நெருங்கியதும் குடும்பம் பாப்பானுக்கு மாறியது. பிறகு டாக்டர் ஈப்போ கிளினிக்கைக் கவனிக்க, பாப்பான் மருந்தகம் சிபிலின் பொறுப்பானது.

இதில்தான் நம் விஷயம் இருக்கிறது. பட்டணத்தில் இருந்த டாக்டர்களே போதாத நேரம். சுரங்கத் தொழிலாளிகளும் விவசாயிகளும் நிறைந்த ஒரு சிற்றூரில் ஒரு தாதியே முழு ஆஸ்பத்திரியானார். பகலில் ஊர் மக்கள். இரவில் பின்கதவு வழியாகக் காட்டிலிருந்து வந்தவர்கள்: ஜப்பானியரை எதிர்த்துப் போராடிய கெரில்லாக்கள், குண்டடி பட்டும் காய்ச்சல் கண்டும். தேவைப்பட்டால் டாக்டர் ஈப்போவிலிருந்து வந்து அறுவை செய்வார். நடுவில் பி.பி.சி. செய்தியைக் கேட்டு நம்பிக்கையானவர்களுக்குச் சொல்வார் சிபில். வானொலிப் பெட்டிக்கு ‘ஜோசஃபின்’ என்று பெயர் வைத்திருந்தார். ஜோசஃபின் என்ன சொன்னாள் என்று கேட்டால் யாருக்கும் சந்தேகம் வராது அல்லவா?

1943-இல் முதலில் டாக்டரும் பிறகு சிபிலும் கைதானார்கள். அவர்மீது மூன்று குற்றச்சாட்டுகள்: உளவு பார்த்தது, கெரில்லாக்களுக்கு மருத்துவம் செய்தது, வானொலி கேட்டுச் செய்தி பரப்பியது. ஒரு தாதியின் வேலையையும் ஓர் அறிவிப்பாளரின் வேலையையும் சேர்த்துச் செய்ததற்கு ஆயுள் தண்டனை. கெம்பெய்த்தாய் செய்த சித்திரவதைகளை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. ஏழு வயது மகள் டானை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே நெருப்பு மூட்டித் தாயை மிரட்டினார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன். அவர் வாய் திறக்கவில்லை. 1945-இல் பத்து காஜா சிறையிலிருந்து வெளியே வந்தபோது அவரால் நடக்க முடியவில்லை. சிகிச்சைக்காகப் பிரிட்டனுக்குக் கொண்டுசென்றார்கள். ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது. 1948 ஜூனில் தாடையில் பட்ட பழைய காயத்தின் விளைவாக அங்கேயே இறந்தார். மறு ஆண்டு உடலைக் கொண்டுவந்து ஈப்போவில் அடக்கம் செய்தார்கள். ஈப்போவில் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. 2016-இல் அவருடைய பிறந்தநாளுக்குக் கூகுள் தன் முகப்பில் அவர் படத்தைப் போட்டது. பாப்பான் வீட்டைப் பேணிக் காத்தவர் பேரா பாரம்பரியச் சங்கத்தின் லா சியாக் ஹோங்.

சிபிலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் வீரத்தைப் பேசுகிறோம். சரிதான். எனக்கு மட்டும் இன்னொரு கேள்வி குறுகுறுக்கிறது. ஏன் ஒரே ஒருவர்? பாப்பானைச் சுற்றி எத்தனை ஊர், எத்தனை தோட்டம்! அங்கெல்லாம் காய்ச்சலோடு கிடந்தவர்களை யார் பார்த்தது?

டாக்டர் இருந்த முகாமும் இல்லாத முகாமும்

இந்தக் கேள்விக்குப் பதில் சயாம் ரயில் பாதையில் இருக்கிறது. சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர்ப் பாதையை ஜப்பானியர் 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்கு மேற்பட்ட தொழிலாளர்கள் போனார்கள்; அவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். சிலர் கூலிக்கு ஆசைப்பட்டு, பலர் பிடித்துச் செல்லப்பட்டு. நம் பத்திரிகைகளில் இதைப் பற்றி நிறைய வந்திருக்கிறது. நான் சொல்ல வருவது அதில் ஒரு பகுதியை மட்டும்.

அதே பாதையில் சுமார் 60,000 நேச நாட்டுப் போர்க்கைதிகளும் வேலை செய்தார்கள். அவர்களில் 12,000-க்கு மேல் இறந்தார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். ஆசியத் தொழிலாளர்கள் 180,000-க்கு மேல் என்றும், இறந்தவர்கள் 90,000 அளவில் என்றும் ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். அதாவது இரண்டில் ஒருவர். அதே காடு, அதே மழை, அதே காலரா. பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

காரணங்கள் பல உண்டு. முக்கியமான ஒன்று, போர்க்கைதிகள் படைப்பிரிவுகளாக வந்தவர்கள். அவர்களுடன் அவர்களுடைய டாக்டர்களும் மருத்துவ உதவியாளர்களும் வந்தார்கள். மருந்து அவர்களிடமும் இல்லை. ஆனால் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்க உத்தரவு போடவும், கழிப்பறையை எங்கே வெட்டுவது என்று சொல்லவும், காலரா கண்டவரைத் தனியே வைக்கவும், மூங்கில் குழாயில் உப்புநீர் ஏற்றவும் தெரிந்த ஆள் இருந்தார். ஆஸ்திரேலிய டாக்டர் வெயரி டன்லப் போன்றவர்கள் இன்று அந்த நாட்டின் வீரர்களாகப் போற்றப்படுவது அதனால்தான். நம்மவர்களோ குடும்பம் குடும்பமாக, தலைவரில்லாமல், மருத்துவரில்லாமல் போய்ச் சேர்ந்தார்கள். தோட்டத்திலிருந்து ஒருசில டிரசர்களும் கூடப் போனதாகப் பெரியவர்கள் சொல்வதுண்டு. அந்தக் கூட்டத்துக்கு அவர்கள் எந்த மூலைக்கு?

1943 நடுவில் காலரா முகாம் முகாமாகக் காலி செய்யத் தொடங்கிய பிறகுதான் ஜப்பானியர் விழித்தார்கள். சிங்கப்பூரில் இருந்த போர்க்கைதிகளிலிருந்து மருத்துவப் பணியாளர்களைப் பொறுக்கி எடுத்து, ‘கே’ படை, ‘எல்’ படை என்று இரண்டு குழுக்களை ஆசியத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். ‘கே’ குழுவில் சுமார் 230 பேர். ‘எல்’ குழுவில் அதில் பாதி. இலட்சம் பேருக்கு மேல் இருந்த பாதைக்கு இவ்வளவுதான். போன இடங்களில் மருந்தும் கொடுக்கவில்லை. பல முகாம்களில் அந்த டாக்டர்கள் செய்த பெரிய வேலை பிணம் புதைப்பதாக இருந்தது.

டாக்டர், தாதி என்றால் நமக்கு ஊசியும் மாத்திரையும்தான் நினைவுக்கு வருகிறது. சயாம் பாதையின் கணக்கைப் பார்த்த பிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை. தண்ணீரைக் கொதிக்க வை என்று சொல்ல ஓர் ஆள் இருந்தால் பிழைப்பவர்கள் எத்தனை பேர்!

போர் முடிந்த பிறகும் ஆள் இல்லை. 1946-இல் இந்திய தேசிய காங்கிரஸ் ஒரு மருத்துவக் குழுவை மலாயாவுக்கு அனுப்பியது. தோட்டம் தோட்டமாகப் போய்ப் பணியாற்றிய அந்தக் குழுவுடன் சேர்ந்து உழைத்தவர்களில் ஜான்சி ராணிப் படையில் இருந்த ஜானகி தேவரும் ஒருவர். பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் என்று நாமெல்லாம் அறிந்தவர்.

இதைப் படிக்கும்போது இலங்கையின் வன்னி உங்களுக்கு நினைவு வந்திருக்கும். 2009-இல் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் சிக்கியிருந்த நிலத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே டாக்டர்கள் இருந்தார்கள். சத்தியமூர்த்தி, வரதராஜா, சண்முகராஜா ஆகிய மூவரின் பெயரைச் செய்திகளில் கேட்டிருப்பீர்கள். அரசாங்கச் சம்பளம் வாங்கிய அரசாங்க டாக்டர்கள் அவர்கள். புதுக்குடியிருப்பு மருத்துவமனை குண்டுவீச்சுக்கு உள்ளானதும் புதுமாத்தளன் பள்ளிக்கூடத்துக்கு, அங்கிருந்து முள்ளிவாய்க்காலுக்கு என்று மருத்துவமனையையே தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். இறந்தவர்கள் எண்ணிக்கையைத் தொலைபேசியில் வெளியுலகுக்குச் சொன்னார்கள். போர் முடிந்ததும் கைது. அந்த ஜூலையில் செய்தியாளர்கள் முன் உட்காரவைக்கப்பட்டு, முன்பு சொன்ன எண்ணிக்கை மிகைதான் என்று சொன்னார்கள். சுதந்திரமாகப் பேசியதில்லை என்று பார்த்தவர்களுக்கே தெரிந்தது. மருத்துவம் செய்ததும் செய்தி சொன்னதும் குற்றமாகும் இடத்தில் சிபிலுக்கும் இவர்களுக்கும் இடையே அறுபத்தாறு ஆண்டுகள்தான் தூரம்.

ஐந்து மணிச் செய்தி

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகும் சிலரில் நானும் ஒருத்தி. மாலை ஐந்து மணிக்கு டாக்டர் நூர் ஹிஷாம் தொலைக்காட்சியில் தோன்றுவார். அடுத்த சில நிமிடங்களில் அந்த எண்களை நான் தமிழில் வாசிக்க வேண்டும். ஊடகவியல் படித்தபோது எண்களைத் தெளிவாக, உணர்ச்சி இல்லாமல் வாசிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். இறந்தவர்கள் எண்ணிக்கையை அப்படி வாசிக்க எனக்குக் கடைசிவரை வரவில்லை.

என் சின்னம்மா மகள் ஓர் அரசு மருத்துவமனையில் தாதி. ஊர் பெயர் வேண்டாம். முதல் சில வாரங்களில் பாதுகாப்பு உடை போதவில்லை என்று தன்னார்வலர்கள் வீட்டில் தையல் இயந்திரம் மிதித்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஓய்வுபெற்ற தாதியரை அமைச்சு மீண்டும் அழைத்தது. அந்த ஆண்டு அக்டோபரில் சபாவில் தொற்று வெடித்ததும் இராணுவம் தாவாவில் கள மருத்துவமனை அமைத்தது. மற்ற மாநிலங்களிலிருந்து டாக்டர்களும் தாதியரும் அங்கே போனார்கள். 2021-இல் கிள்ளான் பள்ளத்தாக்கு மூச்சுத் திணறியபோது அங்கும் போனார்கள். இவளும் போனாள். வீட்டில் இருந்த மூன்று வயதுப் பிள்ளை மூன்று வாரத்துக்குப் பிறகு அவளைப் பார்த்தபோது சின்னம்மாவின் பின்னால் போய் ஒளிந்துகொண்டதாம்.

ஓர் இடத்துக்கு ஆள் அனுப்பினால் இன்னோர் இடத்தில் ஆள் குறையும். இதற்குப் பட்டம் எதுவும் தேவையில்லை. கோலாலம்பூர்ச் செய்திகளில் படுக்கைகளின் எண்ணிக்கையும் சுவாசக் கருவிகளின் எண்ணிக்கையும் வந்தன. சின்ன மாவட்டங்களில் இரவு வார்டில் எத்தனை பேர் நின்றார்கள் என்ற எண்ணிக்கை எந்தச் செய்தியிலும் வரவில்லை. நானும் அதைக் கேட்டு வாசித்ததில்லை, யாரும் தரவுமில்லை. 2021 ஆகஸ்ட் கடைசியில் ஒரே நாளில் தொற்றியவர்கள் 24,000-ஐத் தாண்டினார்கள். வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டி உதவி கேட்ட காலம் அது.

அதற்குச் சரியாக ஒரு மாதத்துக்கு முன்புதான், ஜூலை 26 காலை 11 மணிக்கு, கறுப்பு உடை அணிந்த இளம் டாக்டர்கள் மருத்துவமனைகளை விட்டு வெளியே வந்து நின்றார்கள். ‘ஒப்பந்த டாக்டர் ஹர்த்தால்’. சிலர் அதைக் கண்டித்தார்கள். இந்த நேரத்திலா என்று கேட்டார்கள். எந்த நேரத்தில் கேட்டிருந்தால் காதில் விழுந்திருக்கும் என்பது என் கேள்வி.

கதை இதுதான். படித்து முடித்து வந்த டாக்டர்களின் எண்ணிக்கை அரசாங்கப் பணியிடங்களைவிட அதிகமானதால், 2016 டிசம்பர் முதல் புதியவர்களை ஒப்பந்த முறையில் எடுத்தார்கள். நிரந்தரப் பணியில் இருப்பவர் செய்யும் அதே வேலை. ஆனால் நிபுணத்துவப் பயிற்சிக்கு வழி அடைபட்டது; ஒப்பந்தம் முடிந்தால் என்ன ஆகும் என்று தெரியாது. 2021-க்குள் 23,000-க்கு மேற்பட்டோர் இந்த முறையில் சேர்ந்திருந்தார்கள். நிரந்தரமானவர்கள் ஆயிரம் பேர்கூட இல்லை. அவர்களை நாம் முன்களப் பணியாளர்கள் என்றோம். அவர்களுக்காகப் பாட்டுப் போட்டோம். நானே எத்தனையோ முறை போட்டிருக்கிறேன்.

டாக்டர்கள் அதிகம் என்று சொன்ன அதே நாட்டில் இப்போது காற்று திசை மாறிவிட்டது. 2019-இல் 6,000-க்கு மேல் இருந்த ஹவுஸ்மேன்களின் எண்ணிக்கை 2023-இல் ஏறக்குறைய பாதியானது. அண்ணன் ஒப்பந்தத்தில் பட்ட பாட்டைப் பார்த்த தம்பி மருத்துவம் படிக்கத் தயங்குகிறான். எஸ்.பி.எம்.-இல் எல்லாப் பாடத்திலும் ‘ஏ’ வாங்கியவன் டாக்டர்தான் ஆவான் என்று அடித்துச் சொன்ன நம் சமூகத்திலேயே இந்தத் தயக்கம் வந்துவிட்டது. தாதியர் கதை இன்னும் மோசம். 2024-இல் வாரத்துக்கு 42 மணி நேர வேலையை 45 ஆக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் தாதியருக்கு அதைத் தள்ளிவைத்தார்கள்.

உலகம் முழுக்க இப்படித்தான். தாதியருக்கென்று உலகச் சுகாதார நிறுவனம் ஒதுக்கிய ஆண்டு எது தெரியுமா? 2020. ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த 200-ஆம் ஆண்டைக் கொண்டாட முன்கூட்டியே முடிவு செய்திருந்தார்கள். கோவிட் வந்து சேர்ந்தது. அப்போது வெளியான அறிக்கை உலகுக்கு இன்னும் 59 லட்சம் தாதியர் தேவை என்றது. 2021 மே மாதத்துக்குள் கோவிட்டால் இறந்த சுகாதாரப் பணியாளர்கள் 1,15,000 பேர் இருக்கலாம் என்பதும் அந்த நிறுவனத்தின் மதிப்பீடுதான். பணக்கார நாடுகள் இந்த ஓட்டையை எப்படி அடைக்கின்றன? நம் போன்ற நாடுகளிலிருந்து ஆள் எடுத்து. நாம்? அதுதான் இன்னும் முடிவாகவில்லை.

என் சின்னம்மா மகள் இந்த ஆண்டு சிங்கப்பூருக்குப் போகிறாள். நேர்காணல் கோலாலம்பூரிலேயே நடந்தது. ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. பணம்தானே காரணம் என்று கேட்டேன்.

“பணமும்தான்கா. ஆனா அங்க ராத்திரி வார்டுல எத்தனை பேர் நிப்பாங்கன்னு கேட்டேன். சொன்னாங்க. அதுக்குத்தான் கையெழுத்துப் போட்டேன்.”

இங்கே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. அவள் ஏற்கெனவே சொல்லியிருக்கிறாள். முப்பது படுக்கைக்கு இரண்டு பேர், சில இரவு ஒருவரும் ஒரு பயிற்சித் தாதியும். அவளுடைய அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்பு. அந்த மையத்திலும் தாதியர் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். “ஊசி போடத் தெரிஞ்ச புள்ள போகுது, யாரோ ஒரு புள்ள வந்து எனக்குப் போடுது” என்று சித்தப்பா சிரித்துக்கொண்டே சொன்னார். சின்னம்மா சிரிக்கவில்லை.

அவளைப் போகாதே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தியாகம் செய் என்று ஒரு தாதியிடம் சொல்வது சுலபம். சம்பளப் பட்டியல் போடும் இடத்தில் அந்தச் சொல்லுக்குக் கட்டம் கிடையாது. சிபில் கார்த்திகேசுவைக் காட்டி இளையவர்களுக்குப் பாடம் எடுக்கும் மேடைகளில் எனக்கு உடன்பாடு குறைவு. பாப்பானில் அவர் ஒருவர் நின்றதற்குக் காரணம், நிற்க வேண்டிய மற்றவர்களை அன்றைய ஆட்சி உருவாக்கவே இல்லை. ஒப்பந்தத்தில் எடுத்து, ஒப்பந்தம் முடிந்ததும் வழியனுப்பி, அடுத்த தொற்று வரும்போது ஓய்வுபெற்றவர்களைத் தேடினால் இன்றைய ஆட்சிக்கும் அதே நிலைமைதான் வரும்.

ஆயர் தாவார்ப் பெரியவரை நான் மீண்டும் அழைத்துப் பேசினேன். அவர் சொன்ன டிரசர் சயாமுக்குப் போனாராம்; திரும்பவில்லையாம். பெயர் மட்டும் அவருக்கு நினைவில்லை. எல்லோரும் ‘டிரசர் ஐயா’ என்றே கூப்பிட்டதால் பெயரைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

சயாம் பாதையில் இறந்த தோட்டத் தொழிலாளர்களில் பலரின் பெயர்களைக் குடும்பங்களாவது நினைவில் வைத்திருக்கின்றன. கூடப் போன டிரசர்களைப் பற்றி எழுத்தில் கிடைப்பது மிகக் குறைவு. உங்கள் வீட்டில் தாத்தாவோ பெரியப்பாவோ டிரசராக இருந்திருந்தால், சயாமுக்குப் போயிருந்தாலும் போகாவிட்டாலும், அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் இந்த ஞாயிறு மலரின் முகவரிக்கு எழுதி அனுப்புங்கள். மருந்துக் கணக்கு எழுதிய நோட்டுப் புத்தகம், ஆஸ்பத்திரி வாசலில் எடுத்த படம் எது இருந்தாலும் நகல் போதும். அசலை அனுப்பாதீர்கள், தபாலில் தொலைந்துவிடும். பேரா மாநிலத்துத் தோட்டங்கள் என்றால் நானே நேரில் வந்து பதிவு செய்துகொள்கிறேன். விளம்பர இடைவேளை இருக்காது.